உடலே உடலுக்குப் பகையானபோது: ஃபிளானரி ஓ'கானரின் வாழ்வு



காய்ச்சல் வருகிறது. ஒரு வாரம் படுத்துகிறது, பிறகு போய்விடுகிறது. பெரும்பாலோர் அதை மறந்தும் விடுகிறோம். ஆனால் சிலருக்குக் காய்ச்சல் விட்டபிறகுதான் துன்பம் தொடங்குகிறது. விரல் மூட்டுகள் வீங்குகின்றன, முகத்தில் வெயில் பட்டால் சிவந்து தடிக்கிறது, முடி கொட்டுகிறது, காலையில் எழுந்திருக்கவே உடலில் வலு இல்லை. மாதக்கணக்கில் மருத்துவமனைகளுக்கு அலைந்தபின், இது தன்னுடல் தாக்குநோய் என்று மருத்துவர் சொல்கிறார். அதாவது, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்குகிறது என்று பொருள்.

நோயாளர் சந்திப்புக்குச் செல்லும் குருக்களாகிய நமக்கு இத்தகைய வீடுகள் புதியவை அல்ல. அங்கே வழக்கமாக இரண்டு காரியங்கள் நம் காதில் விழும். நாங்கள் என்ன பாவம் செய்தோம் என்ற கேள்வி ஒன்று. வாசல்வரை வழியனுப்ப வரும்போது தாழ்ந்த குரலில் சொல்லப்படும் வேண்டுகோள் மற்றொன்று: நோயின் பெயரைப் பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்பது. இவ்விரண்டையும் தம் வாழ்வில் சந்தித்த ஒரு கத்தோலிக்கப் பெண்ணைப் பற்றி இன்று நாம் சிந்திப்போம். அவர் துறவி அல்ல, புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டவரும் அல்ல. அவர் ஓர் எழுத்தாளர். பெயர் ஃபிளானரி ஓ'கானர்.

1925ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், கன்னி மரியாவுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாளன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சவான்னா நகரில் அவர் பிறந்தார். திருமுழுக்குப் பெயர் மேரி ஃபிளானரி. தந்தை எட்வர்ட், தாய் ரெஜினா. இருவரும் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தினர். வீட்டின் சன்னலைத் திறந்தால் எதிரே புனித திருமுழுக்கு யோவான் பேராலயம். ஃபிளானரி ஒரே பிள்ளை. கத்தோலிக்கர் மிகச் சிறுபான்மையாக வாழ்ந்த தென்பகுதி அது. சுற்றிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் பாப்டிஸ்ட் முதலிய சபையினர். இந்தச் சூழல்தான் பின்னாளில் அவர் கதைகளில் வரும் தெருப் போதகர்களையும், கடவுளிடமிருந்து ஓடிக்கொண்டே இருக்கும் மனிதர்களையும் அவருக்குக் கொடுத்தது.

சிறுமிக்குப் பறவைகள் என்றால் உயிர். அவர் வளர்த்த கோழி ஒன்று பின்னோக்கி நடக்கும். அதைப் படம்பிடிக்கச் செய்திப்பட நிறுவனம் ஒன்று ஆள் அனுப்பியது. புகழ் எனக்கு அப்போதே வந்துவிட்டது, பிறகு எல்லாம் இறங்குமுகம்தான் என்ற பொருளில் அவர் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

தந்தை மகள்மீது மிகுந்த பாசம் கொண்டவர். மகள் கிறுக்கிய படங்களையும் வரிகளையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நண்பர்களிடம் காட்டி மகிழ்ந்தவர். அவருக்கு 1930களின் இறுதியில் லூபஸ் நோய் கண்டது. அக்காலத்தில் அதற்கு மருந்து இல்லை. 1941ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அவர் இறந்தார். ஃபிளானரிக்கு அப்போது 15 வயது. குடும்பம் ஏற்கெனவே தாய்வழி ஊரான மில்லெட்ஜ்வில் என்னும் சிறுநகருக்கு வந்து சேர்ந்திருந்தது. தந்தையின் மரணத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. ஆனால் அந்த நோயின் பெயர் அவர் மனத்தில் பதிந்துவிட்டது.

உள்ளூரிலேயே கல்லூரிப் படிப்பை முடித்து, 1945இல் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று எழுத்துக்கலை பயின்றார். அங்கே 21 வயதில் ஒரு குறிப்பேட்டில் இறைவனோடு பேசுவதுபோல எழுதிவந்தார். நல்ல எழுத்தாளராக வேண்டும் என்று அதில் வெளிப்படையாகக் கேட்கிறார். அதேவேளை, தன் பெருமையே தன்னை இறைவனிடமிருந்து மறைத்துவிடுமோ என்றும் அஞ்சுகிறார். 2013இல்தான் இக்குறிப்பேடு நூலாக வெளிவந்தது. செபிக்கத் தெரியவில்லையே என்று வருந்தும் இளையோருக்கு நாம் தயங்காமல் பரிந்துரைக்கக்கூடிய நூல் இது. ஏனெனில் அவரும் அப்படித்தான் வருந்தினார்.

1949 முதல் கனெக்டிகட் மாநிலத்தில் ரிட்ஜ்ஃபீல்டு என்ற ஊரில், கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு, அவர் மனைவி சாலி ஆகியோரின் வீட்டில், வாகனக் கொட்டகைக்கு மேலிருந்த அறையில் குடியிருந்தார். பக்தியுள்ள குடும்பம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்ததால் கணவன் மனைவியில் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவரோடு ஃபிளானரி காலைத் திருப்பலிக்குச் சென்று வருவார். திரும்பி வந்து மதியம்வரை நாவல் எழுதுவார். வாழ்நாளெல்லாம் இப்படியே இருந்துவிடலாம் என்றுதான் அவர் எண்ணியிருக்க வேண்டும்.

1950 டிசம்பரில் தட்டச்சு செய்யும்போது தோள்களும் கைகளும் கனத்தன. தூக்க முடியவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஊருக்குத் தொடர்வண்டியில் புறப்பட்டவர், வந்து சேரும்போது கடும் நோயாளியாக இறங்கினார். முதலில் மூட்டுவாதம் என்று கருதினார்கள். காய்ச்சல் குறையவில்லை. 1951 தொடக்கத்தில் அட்லாண்டா நகரின் எமரி பல்கலைக்கழக மருத்துவமனையில், ஆர்தர் மெரில் என்ற மருத்துவர் நோயை அடையாளம் கண்டார். அது லூபஸ். தந்தையைக் கொண்டுசென்ற அதே நோய்.

தாய் ரெஜினாவிடம் மருத்துவர் உண்மையைச் சொன்னார். கணவனை அந்நோய்க்குப் பறிகொடுத்துப் பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இப்போது ஒரே மகள். அந்தப் பெயரைக் கேட்டால் அதிர்ச்சியிலேயே மகள் இறந்துவிடுவாள் என்று தாய் அஞ்சினார். ஆகவே உனக்கு மூட்டுவாதம் என்றே மகளிடம் சொல்லப்பட்டது. இதற்காக அந்தத் தாயைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. படுக்கையருகே அமர்ந்து இரவுகளைக் கழித்த எந்தத் தாய்க்கும் இந்த எண்ணம் வந்திருக்கும்.

அவரைக் காப்பாற்றியது அப்போதுதான் பயன்பாட்டுக்கு வந்திருந்த ஒரு மருந்து. பன்றியின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்ட ஏ.சி.டி.எச். என்னும் இயக்குநீர் அது. உடலின் அட்ரினல் சுரப்பியைத் தூண்டி, நாம் இன்று ஸ்டீராய்டு என்று சொல்லும் பொருளைச் சுரக்கச் செய்வது. இத்துறையின் ஆய்வுக்காக மூன்று அறிவியலாளர்களுக்கு 1950இல்தான் நோபல் பரிசு கிடைத்திருந்தது. தந்தைக்குக் கிடைக்காத மருந்து மகளுக்குக் கிடைத்தது. பன்றிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவர் கேலியாக எழுதினார். ஆனால் முகம் வீங்கியது, முடி உதிர்ந்தது. ஊசியைத் தாமே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டார். மாடி ஏற முடியாததால் தாயும் மகளும் ஊருக்கு வெளியே இருந்த ஆண்டலூசியா என்னும் குடும்பப் பண்ணைக்குக் குடிபெயர்ந்தனர். கீழ்த்தளத்து அறை ஒன்று அவருடையதாயிற்று.

1952 கோடையில், முதல் நாவல் வெளிவந்த சில வாரங்களில், உடல் தேறியிருந்ததால் ரிட்ஜ்ஃபீல்டு நண்பர்களைப் பார்க்கச் சென்றார். அங்கே இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன.

முதலாவது, காரில் வரும்போது ஃபிளானரி தம் மூட்டுவாதத்தைப் பற்றி ஏதோ சொன்னார். சாலிக்கு உண்மை தெரியும். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. உனக்கு இருப்பது மூட்டுவாதம் அல்ல, லூபஸ் என்று சொல்லிவிட்டார். சிறிது நேரம் மௌனம். பிறகு ஃபிளானரி, இது நல்ல செய்தி அல்ல என்றாலும் சொன்னதற்கு நன்றி என்ற பொருளில் பதில் சொன்னார். அந்நோயாகத்தான் இருக்குமோ என்று தாம் முன்பே ஐயுற்றதாகவும் தெரிவித்தார். தனக்கு மனநிலை தவறிவிட்டதோ என்றுகூட அவர் அஞ்சியிருந்தார். பெயர் தெரிந்தது அவருக்கு ஒருவகையில் ஆறுதலாகவே இருந்தது.

இரண்டாவது, அவ்வீட்டில் இருந்தபோதே அவரை ஒரு வைரஸ் தொற்று பிடித்தது. மற்றவர்களுக்கு அது சில நாள் தொல்லை. அவருக்கோ அடங்கியிருந்த லூபஸை அது கிளறிவிட்டது. பயணத்தைப் பாதியில் முடித்து ஊர் திரும்பினார். காய்ச்சலோடு வாரக்கணக்கில் படுக்கை. மருத்துவர் மெரில் மருந்தின் அளவைக் கூட்டினார். இரத்தமும் ஏற்ற வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் சற்று நின்று, நம் உடலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. மருத்துவம் நம் துறை அல்ல. ஆனால் இது தெரியாததால்தான் பல வீடுகளில் தேவையற்ற குற்ற உணர்வும், செய்வினை பற்றிய பேச்சும் நுழைகின்றன.

நம் இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்கள் ஊர்க்காவலர்களைப் போன்றவை. கிருமி நுழைந்தால் அதன் அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ற எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கிப் பிடிக்கின்றன. சில வைரஸ்களின் புரதத் துண்டு, நம் உடல் அணுக்களிலுள்ள புரதத் துண்டைப் போலவே இருக்கும். திருடன் போட்டிருந்த சட்டையைப் போலவே வீட்டுப் பிள்ளையும் சட்டை போட்டிருந்தால், இருட்டில் காவலர் பிள்ளையையும் அடிப்பார் அல்லவா? அதுபோல ஒன்று நடக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. தொற்றின்போது உடல் முழுவதும் எச்சரிக்கை மணி அடிக்கப்படுவதால், வழக்கமாக அடக்கி வைக்கப்பட்டிருக்கும் தவறான வெள்ளையணுக்களும் விழித்துக்கொள்கின்றன. ஏற்கெனவே லூபஸ் உள்ளவருக்கு ஒரு சாதாரண வைரஸ் காய்ச்சலும் ஆபத்தாவதற்கு இது ஒரு காரணம்.

லூபஸ் நோயில் குறிப்பாகச் சந்தேகிக்கப்படுவது எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸ். உமிழ்நீர் வழியாகப் பரவுவது. உலகில் வயது வந்தோரில் நூற்றுக்கு 90க்கும் மேற்பட்டோரின் உடலில் அது இருக்கிறது. ஒருமுறை நுழைந்தால், எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கும் பி வெள்ளையணுக்களுக்குள்ளேயே வாழ்நாள் முழுவதும் குடியிருக்கும். பெரும்பாலோருக்கு அதனால் யாதொரு கேடும் இல்லை. 2022இல் அமெரிக்கப் படைவீரர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், இவ்வைரஸ் தொற்றியபின் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதாகக் கண்டனர். 2025 நவம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லூபஸைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். நலமுடையோரிடம் இவ்வைரஸ் குடியிருக்கும் பி அணு 10,000இல் ஒன்றுக்கும் குறைவு. லூபஸ் நோயாளரிடமோ ஏறக்குறைய 400இல் ஒன்று. அப்படிக் குடியேறிய வைரஸ், தவறான அணுக்களைத் தூண்டி உடலுக்கு எதிராகத் திருப்புவதையும் அவர்கள் காட்டினர். கொரோனா தொற்றுக்குப் பிறகும் இதையொத்த ஆபத்து காணப்பட்டது. ஜெர்மனியில் தொற்று கண்ட ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வில், புதிதாகத் தன்னுடல் தாக்குநோய் கண்டவர்கள் 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக இருந்தனர்.

இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. பத்தில் ஒன்பது பேரிடம் இருக்கும் ஒரு வைரஸ் எல்லாருக்கும் லூபஸைக் கொடுப்பதில்லையே. வைரஸ் மட்டும் போதாது. பரம்பரைக் கூறு வேண்டும், இயக்குநீர்களின் பங்கு வேண்டும், சூரிய ஒளியும் சேர்ந்துகொள்ளும். லூபஸ் நோயாளரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் இளம் வயதினர். ஃபிளானரியின் வீட்டில் தந்தைக்கும் மகளுக்கும் அது வந்தது தற்செயல் அல்ல என்று இன்றைய மருத்துவம் சொல்லும். ஆனால் பரம்பரை என்பது சாபம் அல்ல. யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இருவரும் இல்லை என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் நம் பங்குகளில் அக்கேள்வி ஓயவில்லை என்பதுதான் நமக்கு வருத்தம்.

காய்ச்சல் போய் ஆறு வாரங்களுக்குமேல் மூட்டு வீக்கம், வெயிலில் முகம் தடித்தல், வாய்ப்புண், காரணமில்லாத களைப்பு, கால் வீக்கம் ஆகியவை நீடித்தால் மருத்துவரிடம் செல்லத் தயங்க வேண்டாம். நோய் உறுதியானபின், ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் ஊதுகிறது என்று அதைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. தியானக் கூட்டத்தில் குணமாகிவிட்டது என்று யாராவது சொன்னதற்காக மாத்திரையைத் தூக்கி எறிவதும் அப்படியே. 1950களில் லூபஸ் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரே நான்கு ஆண்டுகளைக் கடந்தனர். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது பேர் பத்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். இந்த மாற்றத்தை நாம் வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டும்.

இனி ஃபிளானரியிடம் திரும்புவோம். உண்மை தெரிந்தபின் அவர் என்ன செய்தார்? நியூயார்க் பக்கம் திரும்பிச் சென்று வாழும் எண்ணத்தை விட்டார். ரிட்ஜ்ஃபீல்டில் இருந்த தம் நூல்களையும் பொருட்களையும் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொண்டார். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில், செய்தித்தாள் விளம்பரம் ஒன்றைப் பார்த்து, ஃபுளோரிடாவிலிருந்து ஓர் ஆண் மயில், ஒரு பெண் மயில், நான்கு குஞ்சுகள் ஆகியவற்றைத் தொடர்வண்டியில் வரவழைத்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல அவை பெருகி, தாயின் பூச்செடிகளைத் தின்று, இரவில் அலறி, கூரைமேல் ஏறி உட்கார்ந்தன. தாய்க்கு அதில் மகிழ்ச்சி இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய நாள் ஒரே ஒழுங்கில் நடந்தது. அதிகாலைச் செபம், தாயோடு காரில் திரு இருதய ஆலயத்தில் திருப்பலி, பிறகு காலை ஒன்பது முதல் மதியம்வரை எழுத்து. அதற்குமேல் உடலில் தெம்பு இருக்காது. எழுத எதுவும் தோன்றாத நாளிலும் அந்த மேசைமுன் உட்கார்ந்தே இருப்பார். பிற்பகலில் கடிதங்கள். இரவில் தூங்குமுன் புனித தோமா அக்குவினாரின் நூலில் சில பக்கங்கள். இதற்கிடையே, 1956 முதல் ஜார்ஜியாவின் மறைமாவட்ட இதழ்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நூல் மதிப்புரைகளை எழுதினார். உலகறிந்த எழுத்தாளர், பங்கு மக்கள் வாசிக்கும் சிறு இதழுக்கு எழுதினார் என்பது, இதுபோன்ற பக்கங்களில் எழுதும் நமக்கு மகிழ்ச்சி தருவது.

அவர் கதைகள் இனிமையானவை அல்ல. வன்முறை வரும், செருக்குள்ளோர் அவமானப்படுவர், நல்லவர் என்று தம்மை எண்ணிக்கொண்ட பெண்மணி கடைசி நிமிடத்தில்தான் கண் திறப்பார். கத்தோலிக்க எழுத்தாளர் ஏன் இப்படி எழுத வேண்டும் என்று பலர் கடிதம் எழுதிக் கேட்டனர். காது மந்தமானவரிடம் உரக்கத்தான் பேச வேண்டும் என்பதே அவர் தந்த விளக்கத்தின் சாரம். அவர் அருளைப் பற்றித்தான் எழுதினார். ஆனால் அருள் வரும்போது முதலில் வலிக்கும் என்பதை மறைக்கவில்லை.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். கறுப்பின மக்களைப் பற்றி அவர் தம் கடிதங்களில் எழுதிய சில வார்த்தைகள் வாசிப்போரை நோகச் செய்பவை. வெள்ளையரின் இனச் செருக்கைத் தம் கதைகளில் தோலுரித்தவரே தனிப்பட்ட கடிதங்களில் அதற்கு இடங்கொடுத்தார். 2020இல் மேரிலாண்டு லயோலா பல்கலைக்கழகம் மாணவர் விடுதி ஒன்றிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டு, கறுப்பின பிரான்சிஸ்கன் துறவியான சகோதரி தேயா போமனின் பெயரைச் சூட்டியது. இதைச் சொல்லாமல் அவர் வாழ்வை எழுதுவது நேர்மையாகாது.

1955இல் இடுப்பெலும்பு வலுவிழந்து ஊன்றுகோல்கள் வந்தன. லூபஸும் அதன் மருந்தும் சேர்ந்து எலும்பைக் கரைத்திருந்தன. ஊன்றுகோலோடு நடக்கும் தம்மைக் கட்டடத்தைத் தாங்கும் முட்டுச்சுவரோடு ஒப்பிட்டு நகைத்தார். 1958இல் லூர்து அன்னை காட்சி தந்த நூற்றாண்டு. சவான்னாவில் இருந்த வயதான உறவினர் கேட்டி, தாயையும் மகளையும் தம் செலவில் திருப்பயணம் அனுப்பினார். ஃபிளானரிக்கு அதில் விருப்பமில்லை. அங்குள்ள நீரில் இறங்குவதைவிட விசுவாசத்துக்காக உயிரைக் கொடுப்பது எளிது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆயினும் கேட்டியின் மனம் நோகாதிருக்க இறங்கினார். நோயாளிகள் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் நீர் அருந்தியதை அவர் கவனித்தார். கிருமிகளைப் பற்றி அவருக்கு நகைச்சுவை கலந்த கவலை இருந்தது. ஏன் இராது? ஒரு வைரஸ் தமக்கு என்ன செய்யும் என்பதை அறிந்தவர் அல்லவா! அங்கே தம் எலும்புக்காக அல்ல, முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த நாவலுக்காகவே செபித்ததாகப் பின்னர் தெரிவித்தார். உரோமையில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், ஊன்றுகோலோடு நின்ற அவரைக் கண்டு தனியாக ஆசீர் வழங்கினார்.

அவ்வாண்டின் இறுதியில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் இடுப்பெலும்பு மீண்டும் வலுப்பெறுவது தெரிந்தது. வீட்டுக்குள் ஊன்றுகோல் இன்றி நடக்க மருத்துவர் அனுமதித்தார். முதிர்ந்த கேட்டி இச்செய்தியைக் கேட்டபின்னரே கண்மூடினார். ஃபிளானரி இதைப் பெரிதாகப் பறைசாற்றவில்லை. நாவல் 1960இல் முடிந்து வெளிவந்தது. இடுப்பெலும்பின் நலமோ நிலைக்கவில்லை.

இக்காலத்தில் அவர் பிரெஞ்சு இயேசு சபைக் குரு தெயார் தெ ஷார்தெனின் நூல்களை ஆவலோடு வாசித்தார். நோயும் இழப்பும் மனிதரைத் தேய்த்துக்கொண்டே வருகின்றன. அவற்றை எதிர்த்துப் போராட வேண்டும், போராடியும் மாற்ற இயலாதவற்றை இறைவனின் கையிலிருந்து ஏற்க வேண்டும் என்ற தெயாரின் கருத்து அவரை ஆட்கொண்டது. இதை எதையும் செய்யாமல் கைகட்டி இருப்பது என்று புரிந்துகொள்வோர் உண்டு. ஃபிளானரி அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. ஊசியை மறக்காமல் போட்டார், மருத்துவர் சொன்னதைக் கேட்டார், வெயிலைத் தவிர்த்தார், மருந்துக் கணக்கைக் கறாராகப் பார்த்தார். அதற்குமேல் இருந்ததைத்தான் அவர் ஏற்றுக்கொண்டார். அட்லாண்டாவில் டொமினிக்கன் அருட்சகோதரிகளின் புற்றுநோய் இல்லத்தில் வளர்ந்து, 1959இல் 12 வயதில் இறந்த மேரி ஆன் என்ற சிறுமியின் வரலாற்றுக்கு அவர் எழுதிய முன்னுரையில் இச்சிந்தனையைக் காணலாம். அந்நூலை எழுதும்படி சகோதரிகள் அவரைத்தான் முதலில் கேட்டார்கள். சிறுமியை அறிந்த நீங்களே எழுதுங்கள் என்று சொல்லி, அவர்கள் எழுதியதைத் திருத்தித் தந்தார். 1961இல் அது வெளிவந்தது.

1964 தொடக்கத்தில் கடும் இரத்தசோகை. கருப்பைக் கட்டியே காரணம் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்தால் லூபஸ் விழித்துக்கொள்ளும் என்ற அச்சம் மருத்துவர்களுக்கு இருந்தது. செய்யாமலும் இருக்க முடியவில்லை. பிப்ரவரியில் கட்டி அகற்றப்பட்டது. அஞ்சியபடியே ஆயிற்று. சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டன. லூபஸ் என்றால் இலத்தீன் மொழியில் ஓநாய் என்று பொருள். அந்த ஓநாய் உள்ளே எல்லாவற்றையும் கிழிக்கிறது என்ற கருத்தில் ஓர் அருட்சகோதரிக்கு அவர் எழுதினார். அட்லாண்டாவில் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோது எழுதக்கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என அஞ்சி, கதைத்தாள்களைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு திருத்தினார். அப்படி முடித்த கதைகள் அவருடைய மிகச் சிறந்த படைப்புகளில் சேரும் என்பது நம் கருத்து.

அதே 1964 மார்ச் மாத இறுதியில், இலண்டனில் எப்ஸ்டீன், ஆச்சாங், பார் ஆகிய மூவரும், ஆப்பிரிக்கச் சிறுவர்களின் புற்றுக்கட்டிகளில் தாங்கள் கண்ட புதிய வைரஸைப் பற்றிய கட்டுரையை லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டனர். மேலே நாம் குறிப்பிட்ட வைரஸ் அதுவே. மில்லெட்ஜ்வில் பண்ணை வீட்டில் யாருக்கும் அச்செய்தி எட்டியிராது.

ஜூலையில், தாமே கேட்டு, நோயில் பூசுதல் அருட்சாதனத்தைப் பெற்றுக்கொண்டார். ஆகஸ்ட் 3ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்றுப் பின், மில்லெட்ஜ்வில் மருத்துவமனையில் இறந்தார். வயது 39. நோய் கண்டறியப்பட்டபின் 13 ஆண்டுகள் வாழ்ந்திருந்தார். தந்தையின் அருகிலேயே அடக்கம் செய்தனர். உண்மையைச் சொல்ல அஞ்சிய அந்தத் தாய், மகளுக்குப் பின் 30 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து, 1995இல் தம் 99ஆம் வயதில் இறந்தார்.

இறப்பதற்கு ஆறு நாட்களுக்கு முன் ஃபிளானரி தம் தோழியான நாடக ஆசிரியை ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். யாரோ பெயர் தெரியாதவர் தொலைபேசியில் தோழியை அச்சுறுத்தியிருந்தார். எச்சரிக்கையாக இரு என்று அதில் அறிவுரை கூறியிருந்தார். தட்டச்சு செய்ய உடல் இடங்கொடுக்காததால் கதைகளை எப்போது அனுப்ப முடியுமோ தெரியவில்லை என்றும் குறிப்பிட்டிருந்தார். எழுத்துகள் நடுங்கிக் கோணியிருந்தன. மகளை அடக்கம் செய்தபின், படுக்கையருகே மேசைமீது அந்தக் கடிதம் கிடந்ததைத் தாய் கண்டார். எடுத்து அஞ்சலில் சேர்த்தார்.